சாறு இறக்குதல்

காய்கறித் தோலிலிருந்து பயனுள்ள தாவரச் சேர்மங்களை எடுப்பது பற்றிப் படித்தால் 'எக்ஸ்ட்ராக்‌ஷன்' என்ற சொல் வந்துகொண்டே இருக்கும். லத்தீனில் 'எக்ஸ்' என்றால் வெளியே, 'த்ராஹெரே' என்றால் இழுப்பது. டிராக்டர் என்ற சொல்லும் இதே வேரில் பிறந்ததுதான்.

தமிழில் பலரும் இதைப் 'பிரித்தெடுத்தல்' என்று எழுதுகிறார்கள். தவறில்லை. ஆனால் தாதுவிலிருந்து இரும்பை எடுப்பதும் பிரித்தெடுத்தல்தான், மணலில் கிடக்கும் இரும்புத்தூளைக் காந்தத்தால் எடுப்பதும் அதுதான். தோலை ஒரு திரவத்தில் ஊறவைத்து, சத்தைத் திரவத்துக்கு வரவழைத்து, சக்கையை ஒதுக்கும் வேலைக்குச் 'சாறு இறக்குதல்' என்பதே கச்சிதம். "டிகாக்‌ஷன் இறங்கிடுச்சா?" என்று வீட்டில் கேட்கிறோமே, அதே இறங்குதல்.

சாறு இறக்கும் திரவத்துக்குப் பெயர் கரைப்பான். அதில் கரைவது கரைபொருள், இரண்டும் சேர்ந்தது கரைசல். எது இறங்கும் என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் கரைப்பானின் முனைவுத்தன்மை, அதாவது அதன் மூலக்கூறில் மின்சுமை ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கும் அளவு. தண்ணீரில் இது அதிகம், எண்ணெயில் குறைவு. தன்னைப் போன்றதையே ஒரு கரைப்பான் நன்றாகக் கரைக்கும். பீட்ரூட் தோலின் சிவப்பான பீட்டாலெய்ன் வெறும் தண்ணீரிலேயே இறங்கிவிடும். அதிக நேரம் கொதிக்கவிட்டால் நிறம் சிதைந்துவிடும். கேரட் தோலின் பீட்டா கரோட்டின் தண்ணீருக்கு மசியாது, ஹெக்சேன் என்ற பெட்ரோலியக் கரைப்பானோ எண்ணெயோ வேண்டும். கேரட்டை வதக்கும்போது எண்ணெய் ஆரஞ்சாவது இதனால்தான்.

எனக்கு மிகவும் பிடித்தது வெங்காயச் சருகு. குர்செடின் என்ற சேர்மம் உள்ளே இருக்கும் சதையைவிட, நாம் குப்பையில் போடும் அந்தச் சருகில்தான் அதிகம். தண்ணீரில் அது சரியாகக் கரையாது, எத்தனாலில் (மதுவில் இருக்கும் ஆல்கஹால்) கரையும். ஆனாலும் சுத்தமான எத்தனாலைவிட, தண்ணீர் கலந்த எத்தனாலில்தான் பெரும்பாலும் கூடுதலாக இறங்குகிறது. காய்ந்த செல்சுவரைத் தண்ணீர் உப்பவைக்கிறது, அப்புறம் எத்தனால் உள்ளே புகுந்து வேலை செய்கிறது.

கரைப்பானை மாற்றினால் இறங்குவதும் மாறும் என்ற அறிவு சித்த மருத்துவத்திலும் உண்டு. நீரில் காய்ச்சினால் குடிநீர், எண்ணெயில் காய்ச்சினால் தைலம்.

மெத்தனாலும் நன்றாகவே சாறு இறக்கும், ஆனால் அது நஞ்சு. உணவில் சேர்க்கப்போகும் சாற்றுக்கு எத்தனாலும் தண்ணீரும்தான் சரி. அப்போதும் உருளைக்கிழங்குத் தோலில் கவனம் வேண்டும். குளோரோஜெனிக் அமிலம் என்ற பயனுள்ள சேர்மத்தை இறக்கும் அதே எத்தனாலில், பச்சை பாய்ந்த தோலில் மிகுந்திருக்கும் சோலனின் நஞ்சும் கூடவே இறங்கிவிடும்.