கண்காட்சிக்காக இந்தியா வரும் சிறு வணிகர்களும் ஜிஎஸ்டி பதிவும்

சென்னையில் சனிக்கிழமை தொடங்கவிருந்த ஒரு கண்காட்சியில் கடை போடுவதற்காக யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த வணிகர் ஒருவர், வியாழக்கிழமை மாலை என் அலுவலகத்துக்கு வந்தார். பனையோலைப் பெட்டிகளும் சுளகுகளும் ஏற்கெனவே வந்து இறங்கியிருந்தன. அவர் மேசைமீது வைத்த பில் புத்தகத்தில் இலங்கை முகவரி அச்சாகியிருந்தது. வரிப் பதிவு எண் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. "எங்கட ஊரில எனக்கு வற் பதிவே தேவையில்லை ஐயா. இஞ்ச மூண்டு நாள் விக்கிறதுக்கு என்னத்துக்கு?" என்று கேட்டார். வற் என்பது அங்குள்ள மதிப்புக் கூட்டு வரி.

அவர் கேட்டது நியாயமாகவே தோன்றும். தமிழ்நாட்டில் பொருள் விற்கும் உள்ளூர் வணிகருக்கே ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் பொதுவாகப் பதிவு கட்டாயமாகிறது. ஆனால் இந்தியாவில் நிலையான தொழிலிடமோ வசிப்பிடமோ இல்லாமல், எப்போதாவது வந்து வரிக்குரிய பொருளை விற்பவருக்கு அந்த வரம்பு பொருந்தாது. முதல் ரூபாய் விற்பனைக்கே பதிவு வேண்டும் என்று ஜிஎஸ்டி சட்டத்தின் 24ஆம் பிரிவு சொல்கிறது. பதிவின்றி விற்றால், செலுத்தாத வரியோடு குறைந்தது 10,000 ரூபாய் அபராதத்துக்கும் இடமுண்டு.

வியாபாரம் தொடங்குவதற்குக் குறைந்தது ஐந்து நாள் முன்பே, ஆர்இஜி-09 படிவத்தில் கடவுச்சீட்டு நகலுடன் விண்ணப்பிக்க வேண்டும். எவ்வளவு விற்கும் என்று மதிப்பிட்டு, அதற்கான வரியை முன்பணமாகக் கட்ட வேண்டும்: 4 லட்சம் ரூபாய் விற்பனை, 5 சதவீத வரி என்றால் 20,000 ரூபாய். பதிவு அதிகபட்சம் 90 நாள் செல்லுபடியாகும். கெடு முடியுமுன் கேட்டால் இன்னொரு 90 நாள் வரை நீட்டிக்கலாம். விண்ணப்பத்தில் இந்தியாவில் வசிக்கும், பான் அட்டை உள்ள ஒருவர் கையொப்பமிட வேண்டும். பெரும்பாலும் உறவினர் யாராவது முகத்தாட்சணியத்துக்காகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். வரித்துறையின் கடிதங்கள் பிறகு தமக்குத்தான் வரும் என்பதை அவர்களுக்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

என் அனுபவத்தில், முன்பணத்தைவிட உள்ளீட்டு வரி வரவில்தான், அதாவது வாங்கும்போது கட்டிய வரியை விற்பனை வரியில் கழித்துக்கொள்வதில்தான், இவர்கள் அதிகம் இழக்கிறார்கள். தாமே இறக்குமதி செய்த பொருளுக்குச் சுங்கத்தில் செலுத்திய ஜிஎஸ்டியை (ஐஜிஎஸ்டி) மட்டுமே அவர்கள் வரவு எடுக்க முடியும். 40,000 ரூபாய் கடை வாடகைக்குச் செலுத்தும் 18 சதவீத வரியான 7,200 ரூபாய் முழுக்கச் செலவுதான். அதைச் சேர்த்தே விலை வைக்க வேண்டும். இறக்குமதி வரவும் தானாக வந்துவிடாது. சுங்கத்தில் தாக்கலாகும் பில் ஆஃப் என்ட்ரியில் அவருடைய ஜிஎஸ்டி எண் இருக்க வேண்டும் என்பதால், சரக்கு வருமுன்பே எண் கையில் இருப்பது நல்லது. தெரிந்தவர் பெயரில் சரக்கை இறக்கினால் வரவு அவருக்குப் போகும். தெரிந்தவரின் பில்லில் விற்றால் விற்பனையும் அவர் கணக்கில் ஏறி, இருவருமே சிக்கலில் மாட்டிக்கொள்வார்கள்.

கடையைக் கட்டி ஊர் திரும்பிய பிறகும் ஜிஎஸ்டிஆர்-5 என்ற வரிக் கணக்குத் தாக்கல் பாக்கியிருக்கும். மாதம் முடிந்த 13 நாளுக்குள் அல்லது பதிவுக்காலம் முடிந்த ஏழு நாளுக்குள், இவற்றில் எது முந்துகிறதோ அதற்குள் அதைச் செய்துவிட வேண்டும். முன்பணத்தில் மிச்சம் இருந்தாலும், எல்லாக் கணக்குகளையும் தாக்கல் செய்யாதவருக்கு அது திரும்பக் கிடைக்காது.

அந்த வணிகர் அம்முறை பெட்டிகளைக் காட்சிக்கு மட்டும் வைத்துவிட்டு, ஒன்றையும் விற்காமல் எடுத்துச் சென்றார்.