கப்பு அர்ஜென்டினாவுக்கு, மச்சான் காசு மட்டும் ஏன் போச்சு?

போன வாரம் ஒரு வாசகர் கேட்ட கேள்வி இது. அவரோட மச்சான் லண்டன்ல இருக்கார். 2022 உலகக்கோப்பை ஃபைனல் அன்னிக்கு தெருமுனைல இருக்குற பெட்டிங் கடைக்குப் போய் அர்ஜென்டினா ஜெயிக்கும்னு 20 பவுண்ட் கட்டியிருக்கார், அர்ஜென்டினாவும் ஜெயிச்சுது, மெஸ்ஸி கப்ப தூக்குனத ஊரே பாத்துச்சு, மறுநாள் சீட்ட எடுத்துட்டு போனா கவுன்டர்ல இருந்தவர் "இது தோத்த சீட்டுங்க"ன்னு திருப்பிக் கொடுத்துட்டார். "ஏமாத்திட்டாங்களா சார்?"னு கேக்குறார்.

ஏமாத்தல. சீட்டுல சின்ன எழுத்துல 90 நிமிஷம்னு போட்டிருக்கும், அதைத்தான் மச்சான் படிக்கல. அந்த மேட்ச ஒருதடவ ஞாபகப்படுத்திக்கோங்க. 23வது நிமிஷம் மெஸ்ஸி பெனால்டி, 36ல டி மரியா, 2-0. எல்லாரும் பட்டாச எடுத்து வெளிய வச்ச நேரத்துல எதிர் டீம் பிரான்ஸோட எம்பாப்பே 80ல ஒண்ணு, 81ல இன்னொண்ணு. 90 நிமிஷமும் இஞ்சுரி டைமும் முடியும்போது 2-2. எக்ஸ்ட்ரா டைம்ல 3-3, அப்புறம் பெனால்டி ஷூட்அவுட்ல 4-2. நமக்கு அர்ஜென்டினா ஜெயிச்ச மேட்ச், ஆனா கடைக்காரன் கணக்குல அது டிரா.

இத வச்சே மத்த பெட் வகையையும் பாத்துடலாம், ஏன்னா இந்த ஒரு மேட்ச்ல எல்லா வகைக்கும் ஒரு கதை இருக்கு. மச்சான் போட்டது சாதா "மேட்ச் ரிசல்ட்", 1-எக்ஸ்-2ன்னு சொல்வாங்க, 1ன்னா முதல் டீம், எக்ஸ்ன்னா டிரா, 2ன்னா ரெண்டாவது டீம். அதே 20 பவுண்ட "டபுள் சான்ஸ்"ல, அதாவது அர்ஜென்டினா இல்லன்னா டிரான்னு போட்டிருந்தா ஜெயிச்சிருப்பார். "டிரா நோ பெட்"ல போட்டிருந்தா 20 அப்படியே திரும்பி வந்திருக்கும். "ஓவர் 2.5"ன்னு ஒண்ணு இருக்கு, மொத்த கோல் ரெண்டரைக்கு மேல. அரை கோல் எங்கயும் விழாது, அதனாலதான் அந்த அரை, சமமா முடிஞ்சுதுன்னு சண்டையே வராது பாருங்க. அதுவும் ஜெயிச்சிருக்கும், ரெண்டு டீமும் கோல் அடிக்கும்ங்கிற பெட்டும் ஜெயிச்சிருக்கும். ஏஷியன் ஹாண்டிகாப்புல, அதாவது ஒரு டீமோட ஸ்கோர்ல இருந்து கொஞ்சம் கழிச்சுட்டு கணக்கு பாக்குற பெட்டுல, அர்ஜென்டினா மைனஸ் 0.25ன்னு போட்டிருந்தா கொஞ்சம் வேடிக்கை, காசு ரெண்டா பிரியும், 10 பவுண்ட் மைனஸ் பூஜ்யத்துல, 10 பவுண்ட் மைனஸ் அரையில, டிரா ஆனதால முதல் பத்து திரும்பி வரும், ரெண்டாவது பத்து போயிடும். மச்சான் மனசுல நினைச்ச பெட்டுக்கு "கப்பு யார் தூக்குவாங்க"ன்னு தனி பெட்டே இருக்கு, ஆனா அதுல ஜெயிச்சா கிடைக்கிற காசு கம்மி.

ஏன் கம்மி? இங்கதான் எனக்குப் பிடிச்ச இடமே ஆரம்பிக்குது.

பெட்டு நூறு விதமான பேர்ல இருந்தாலும் அடியில இருக்குறது ஒரே ஒரு கட்டம். பல்லாங்குழிப் பலகை மாதிரி ஒரு கட்டம் போட்டுக்கோங்க, மேல ஒரு டீம் அடிக்கிற கோல் 0, 1, 2, 3..., பக்கவாட்டுல இன்னொரு டீமோட கோல். ஒவ்வொரு குழியிலயும் அந்த ஸ்கோர் வர எவ்ளோ வாய்ப்புன்னு ஒரு நம்பர். குறுக்கா போற கோட்டுல 0-0, 1-1, 2-2 இருக்குல்ல, அந்தக் குழிங்கள கூட்டுனா டிரா. அதுக்கு ஒரு பக்கம் இருக்குற எல்லாத்தையும் கூட்டுனா ஒரு டீம் ஜெயிக்கிறது. மூலைல இருக்குற ஆறு குழிய (0-0, 1-0, 0-1, 1-1, 2-0, 0-2) தள்ளிட்டு மிச்சத்த கூட்டுனா ஓவர் 2.5. இட்லி, தோசை, பணியாரம் எல்லாம் ஒரே மாவுதான், ஊத்துற பாத்திரம்தான் வேற.

சரி, மாவு எங்க இருந்து வருது, குழிக்குள்ள இருக்குற நம்பர எப்படி கண்டுபிடிக்கிறாங்க?

ஒரு பேச்சுக்கு ரெண்டு டீமும் சரிசமம், ஆளுக்கு சராசரி 1.2 கோல்னு வச்சுக்குவோம். 1.2 கோல்னு எந்த மேட்ச்லயும் யாரும் அடிக்க முடியாது, அது சராசரி. இப்போ 90 நிமிஷத்த 90 துண்டா நறுக்குங்க. 90 நிமிஷத்துக்கு 1.2 கோல்னா 75 நிமிஷத்துக்கு ஒண்ணு. அப்போ உத்திரமேரூர் குடவோலை மாதிரி ஒரு பானை, உள்ள 75 ஓலை, ஒரே ஒரு ஓலைல "கோல்"னு எழுதியிருக்கு, மிச்சம் 74 வெத்து ஓலை. ஒவ்வொரு நிமிஷமும் ஒரு பையன் கைய விட்டு ஒரு ஓலைய எடுத்துப் பாத்துட்டு திருப்பி உள்ளயே போட்டு குலுக்கிடுறான். 90 தடவ. அவ்ளோதான் ஃபுட்பால், மெஸ்ஸியும் இல்ல எம்பாப்பேவும் இல்ல, பானையும் பையனும்தான்.

90 தடவையும் வெத்து ஓலையே வர வாய்ப்பு எவ்ளோ? 74/75ஐ 90 தடவ பெருக்குங்க, கால்குலேட்டர்ல போட்டுப் பாருங்க, ஏறக்குறைய 0.30 வரும். ஒரு கோல் வர 36 சதவீதம், ரெண்டு 22, மூணு 9. (நிமிஷத்த நொடியாக்கி, நொடிய இன்னும் பொடிசாக்கி நறுக்கிட்டே போனா கிடைக்கிற சூத்திரத்துக்குப் பேரு பாய்சான் பரவல், சிமியோன் பாய்சான்ங்கிற பிரெஞ்சுக்காரர் 1837ல எழுதினது, பிளஸ் டூ கணக்குல பாத்திருப்பீங்க.) இப்போ ரெண்டு டீமுக்கும் ரெண்டு பானை, பெருக்குனா கட்டம் ரெடி. 0-0க்கு 0.30 தடவ 0.30, அதாவது 9 சதவீதம். 1-1க்கு 13. குறுக்குக் கோட்ட மொத்தமா கூட்டுனா டிரா கிட்டத்தட்ட 28 சதவீதம், மிச்சத்த சமமா பிரிச்சா ஆளுக்கு 36. மச்சானோட பெட்டுக்கு வாய்ப்பு 36தான், பாதிகூட இல்ல! ஆனா கப்பு யாராவது ஒருத்தர் தூக்கித்தான் ஆகணும், அதுல ஆளுக்கு 50. வாய்ப்பு ஜாஸ்தின்னா காசு கம்மி, ஏன்னு கேட்டோம்ல, இதான்.

இந்தப் பானைக் கணக்கு நிஜ உலகத்துல எடுபடுமான்னு முதல்ல அழகா காட்டினது ஃபுட்பால் இல்ல, குதிரை. 1898ல லாடிஸ்லாஸ் போர்ட்கீவிச்னு ஒரு புள்ளியியல்காரர் பிரஷ்ய ராணுவத்துல குதிரை ஒதைச்சு செத்துப்போன சிப்பாய்ங்க கணக்க எடுத்தார், 10 படைப்பிரிவு, 20 வருஷம், ஒரு படைப்பிரிவோட ஒரு வருஷத்துக்கு ஒரு வரி, ஆக 200 வரி. மொத்தம் 122 பேர். அதாவது ஒரு வரிக்கு சராசரி 0.61. இந்த ஒரே ஒரு நம்பர சூத்திரத்துல போட்டா யாருமே சாகாத வரிகள் 108.7 இருக்கணும்னு சொல்லுது. எண்ணிப் பாத்தா 109. ஒரு சாவு உள்ள வரி 66.3ன்னு சூத்திரம் சொல்லுது, இருந்தது 65. எந்தக் குதிரை எப்போ எவன ஒதைக்கும்னு ஒருத்தருக்கும் தெரியாது, ஆனா எத்தன வருஷம் ஒண்ணுமே நடக்காம போகும்னு தெரியுது. இத முதமுத படிச்சப்போ நான் பஸ்ல இறங்க வேண்டிய ஸ்டாப்ப விட்டுட்டேன்.

பானைக்கு ஞாபகம் கிடையாதுங்கிறதுதான் இதுல முக்கியம். "இவ்ளோ நேரம் கோல் விழல, இப்போ விழுந்தே ஆகணும்"னு பக்கத்து சீட்டு அண்ணன் சொல்வார் பாருங்க, பானைக்கு அப்படி ஒரு கடமையும் இல்ல, 89வது நிமிஷமும் அதே 75 ஓலைதான். ஆனா ஆட்டக்காரங்களுக்கு ஞாபகம் இருக்கு, அதான் சிக்கல். 80ல ஒண்ணு வாங்குன டீம் 81ல பதறும், 0-0ல 85 நிமிஷம் ஆச்சுன்னா ரெண்டு பேரும் "போதும்பா"ன்னு பந்த பின்னால தட்டிட்டு நிப்பாங்க. 1982ல மாஹெர்ங்கிறவர் பாய்சான் கணக்க இங்கிலீஷ் லீகுக்குப் போட்டுப் பாத்து பரவால்ல பொருந்துதேன்னு காட்டினார், 1997ல லங்காஸ்டர் பல்கலைக்கழகத்துல இருந்த டிக்சனும் கோல்சும் 0-0, 1-0, 0-1, 1-1 இந்த நாலு குழில மட்டும் கணக்கு கொஞ்சம் பிசகுதுன்னு பாத்து அதுக்கு ஒரு சின்ன ஒட்டு போட்டாங்க, கூடவே பழைய மேட்சுக்கு மதிப்பு கம்மி புது மேட்சுக்கு ஜாஸ்தின்னு வச்சாங்க. அந்தக் கட்டுரைய இன்னிக்கும் இந்தத் துறைல எல்லாரும் படிச்சிட்டுதான் ஆரம்பிக்கிறாங்க.

சரி கடைக்காரனுக்கு என்ன லாபம்? 36 சதவீத வாய்ப்புக்கு (புள்ளி வச்சு சொன்னா 36.2) நியாயமான விலை 100ஐ 36.2ஆல வகுத்தா வர்ற 2.76, அதாவது 1 பவுண்ட் கட்டுனா 2.76 வரணும். அவன் 2.60னு போடுவான்னு வச்சுக்குவோம். டிராக்கு 3.62 நியாயம், 3.40 போடுவான். இப்போ அவன் விலைய திருப்பி சதவீதம் ஆக்குங்க, 38.5, 29.4, 38.5, கூட்டுனா 106. நூறு சதவீதத்துக்கு மேல வாய்ப்பு எங்க இருந்து வந்துச்சு? அந்த 6தான் அவன் சோறு. மூணு பக்கமும் அளவா பிரிச்சு நீங்க 106 பவுண்ட் கட்டுனா எது நடந்தாலும் கைக்கு 100தான் வரும். யார் ஜெயிச்சாலும் அவனுக்குக் கவலை இல்ல, மண்டபக்காரனுக்கு பொண்ணு வீடு மாப்ள வீடு ரெண்டும் ஒண்ணுதான்.

ரொம்ப கவர்ச்சியா விக்கிறது "அக்யுமுலேட்டர்", அஞ்சு மேட்ச ஒரே சீட்டுல கோத்து அஞ்சும் ஜெயிச்சா அள்ளிட்டுப் போலாம். இதுல விலைய பெருக்குறாங்க, கூடவே அந்த 6ஐயும் பெருக்குறாங்க. ஒத்த மேட்ச்ல 100 போட்டா சராசரியா 94 திரும்புதுன்னா அஞ்சு கோத்தா 73, பத்து கோத்தா 54. அதனாலதான் கடை வாசல்ல பெரிய போஸ்டர் இதுக்கு. அப்புறம் சீசன் ஆரம்பத்துல "யார் சாம்பியன்"னு போடுற பெட்டு, 2015ல இங்கிலீஷ் லீக்ல லெஸ்டர் சிட்டி கிளப்புக்கு 5000க்கு 1ன்னு விலை போட்டாங்க, 2016 மே மாசம் லெஸ்டர் ஜெயிச்சுது. 5000 சீசன்ல ஒருதடவன்னு அர்த்தம், இங்கிலாந்துல லீக் ஆரம்பிச்சதே 1888ல! அந்த நம்பர் எந்தக் கட்டத்துல இருந்தும் வரல, நடக்கவே நடக்காதுன்னு நினைச்சு குத்துமதிப்பா ஒட்டின விலை.

எந்த டீம் ஜெயிக்கும்னு ஜோசியம் சொன்ன 'பால்'ங்கிற ஆக்டோபஸ் பத்தியும் யாராவது கேப்பீங்க. 2010 உலகக்கோப்பைல எட்டுக்கு எட்டு சரியா சொல்லுச்சு, காசு சுண்டிப் போட்டா 256ல ஒரு வாய்ப்பு. பெருசாத்தான் தெரியும், ஆனா 2008 யூரோல அதே பால் ஆறுல ரெண்டு தப்பா சொன்னத யாரும் பேசுறதில்ல. நம்ம கிளி ஜோசியத்துலயாவது கிளிக்கு ஒரு நெல்லுதான் செலவு. இன்னிக்கு டெலகிராம்ல "ஷ்யூர் டிப்"னு விக்கிறவனுங்க வேலை ஈஸி, 1024 பேர்ல பாதி பேருக்கு ஒரு டீம், மீதிப் பேருக்கு இன்னொரு டீம், தப்பா போனவங்கள கழட்டி விட்டுட்டு அடுத்த வாரமும் அதே மாதிரி, அஞ்சு வாரத்துல 32 பேருக்கு இவன் கடவுள், ஆறாவது வாரம் பில்ல நீட்டுவான். இந்தியால காசு வச்சு ஆன்லைன்ல ஆடுறத 2025ல சட்டம் போட்டே நிறுத்தினாங்க, அதுக்கப்புறமும் எனக்கு வாரம் ரெண்டு மெசேஜ் வருது.

எனக்கு இன்னொரு வயித்தெரிச்சல் உண்டு. பிரைட்டன் ஓனர் டோனி ப்ளூம், பிரென்ட்ஃபோர்ட் ஓனர் மேத்யூ பென்ஹாம் ரெண்டு பேரும் இந்தக் கணக்க வச்சே சம்பாதிச்சு ஆளுக்கொரு கிளப்ப பிரீமியர் லீகுக்கு கொண்டு வந்தவங்க. அதே பாய்சான வச்சுதான் ஆம்புலன்ஸ் எங்க நிறுத்தணும், ஆஸ்பத்திரில எத்தன படுக்கை வேணும்னும் கணக்கு போடலாம், ஆனா அதுக்கு ஆராய்ச்சிக் காசு கேட்டா மூணு வருஷம் ஃபைல் நகராது. நம்ம ஊர்ல ஸ்டாடிஸ்டிக்ஸ் படிக்கிறேன்னு சொன்னா "பேங்க் எக்ஸாமுக்கா?"ன்னு கேக்குறாங்க.

இதெல்லாம் அந்த வாசகருக்கு எழுதி அனுப்பினேன். அவர் விடல. "அப்போ சரியா 2-2ன்னு கட்டியிருந்தா?"ன்னு அடுத்த கேள்வி. நம்ம கட்டத்துல அந்தக் குழில 4.7 சதவீதம் இருக்கு, நியாயமா பாத்தா ஒண்ணுக்கு 21 வரணும், மச்சானுக்கு 420 பவுண்டுக்கு மேல. கடைல அன்னிக்கு 2-2க்கு என்ன விலை போட்டிருந்தாங்கன்னு மச்சான்கிட்ட கேட்டு சொல்லுங்கன்னேன். கேட்டாராம், மச்சான் ஃபோன வச்சுட்டாராம்.