தூங்கூசி மரம்: ‘ராய்’க்கு ஒரு தமிழ்ப் பெயர்

இமயமலையைப் பற்றித் தமிழில் எழுதும்போது, கண்ணில் படுகிற ஊசியிலை மரத்தையெல்லாம் ‘தேவதாரு’ என்று எழுதிவிடுகிறோம். அந்தப் பெயருக்குரிய மரம் வேறு. அதன் அருகிலேயே, இன்னும் கொஞ்சம் மேலே ஏறினால் நிற்பது ஸ்புரூஸ். இமாச்சலத்தில் அதை ‘ராய்’ என்பார்கள். தாவரவியல் பெயர் பைசியா ஸ்மித்தியானா.

கிளையைக் கையில் எடுத்தால் குழப்பம் தீர்ந்துவிடும். தேவதாருவில் ஊசிகள் கொத்துக் கொத்தாக இருக்கும். ராயில் ஒவ்வொன்றும் தனியாக, குச்சியைச் சுற்றி முளைத்திருக்கும். 3 முதல் 5 செ.மீ. நீளம், ஸ்புரூஸ் இனங்களிலேயே நீளமான ஊசி இதற்குத்தான். இரண்டு விரலுக்கு நடுவே உருட்டிப் பாருங்கள், நான்கு பக்கமும் விளிம்பு தட்டும். ஊசி உதிர்ந்த இடத்தில் சிறு முளை நின்றுவிடுவதால் காய்ந்த குச்சி அரம் போலச் சொரசொரக்கும். காய்கள் கீழ்நோக்கித் தொங்கி, முழுசாக விழும். கூடவே வளரும் இன்னொரு ஊசியிலை மரமான ‘தோஷ்’ஷிலோ (ஆங்கிலத்தில் ஃபிர்) காய் நிமிர்ந்து நின்று, மரத்திலேயே உதிர்ந்து போகும்.

ஆப்கானிஸ்தானிலிருந்து காஷ்மீர், இமாச்சலம், உத்தராகண்ட் வழியாக நேபாளம் வரை, சுமார் 2,400 முதல் 3,600 மீட்டர் உயரத்தில் வளர்கிறது. 40, 50 மீட்டர் ஓங்கும். மரம் வெளுப்பு, மென்மை. வெயிலிலும் மழையிலும் தேவதாரு போலத் தாங்காது. வீட்டின் உள்வேலைக்கும் காகிதக் கூழுக்கும் ஆகும். இமாச்சல ஆப்பிள் ஒரு காலத்தில் ராய், தோஷ் பலகைப் பெட்டிகளில்தான் வெளியூர் போனது. காடு அழிகிறது என்றுதான் அப்புறம் அட்டைப் பெட்டிக்கு மாறினார்கள்.

‘ஸ்புரூஸ்’ என்பது உண்மையில் ஓர் ஊர்ப்பெயர். பிரஷ்யா நாட்டை ஆங்கிலேயர் முன்பு ‘ப்ரூஸ்’ என்றும் ‘ஸ்புரூஸ்’ என்றும் சொன்னார்கள். அங்கிருந்து வந்த மரத்துக்கும் அதுவே பெயராயிற்று. ‘பைசியா’ லத்தீன், மரப் பிசினைக் காய்ச்சி எடுக்கும் கீலைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. இதற்கு ‘மொரிண்டா ஸ்புரூஸ்’ என்றும் ஒரு பெயர் உண்டு. நம்மூர் நுணாவின் தாவரவியல் பெயரும் மொரிண்டாதான். இரண்டுக்கும் உறவே இல்லை.

சரி, தமிழில் என்ன சொல்வது? தேவதாரு என்ற சொல் ஏற்கெனவே இரட்டைச் சுமை சுமக்கிறது: தமிழகத்து வறண்ட காடுகளில் வளரும் செம்புளிச்சானுக்கும் தேவதாரம் என்ற பெயர் உண்டு. மூன்றாவது மரத்தையும் அதன் தலையில் ஏற்றுவது சரியல்ல. இந்த மரத்தைப் பார்த்ததும் மனதில் நிற்பது அதன் தொங்கும் சிறுகிளைகள். தமிழில் ‘தூங்கு’ என்றால் தொங்கு என்றும் பொருள். வானில் தொங்கிய கோட்டையைத் ‘தூங்கெயில்’ என்றார்கள். அந்த வழியில் ‘இமயத் தூங்கூசி’ என்று சொல்லலாம் என்பது என் பரிந்துரை. முதல் தடவை எழுதும்போது பக்கத்தில் ‘ராய் மரம்’ என்றும் சேர்த்துவிட்டால், இமாச்சலம் போய் விசாரிப்பவருக்கும் உதவும்.