கச்சேரி: அலுவலகத்திலிருந்து மேடைக்கு வந்த சொல்

கச்சேரி, பெயர்ச்சொல். பாட்டையோ கருவியிசையையோ பக்கவாத்தியங்களோடு, ஒரு வரிசைமுறைப்படி, அவையோர் முன் அமர்ந்து நிகழ்த்துவது. வேர் தமிழன்று. இந்தியிலும் உருதுவிலும் வழங்கும் 'கசஹரி' என்ற சொல்லே தென்னாட்டு மொழிகளில் கச்சேரி ஆனது. மூலப்பொருள் நீதிமன்றம், அரசு அலுவலகம். தமிழில் சொல்வதானால் இசையரங்கு.

மயிலாப்பூரில் லஸ் சந்திப்பிலிருந்து சாந்தோம் பக்கம் போகும் சாலைக்குக் கச்சேரி சாலை என்று பெயர். சுற்றுவட்டாரம் முழுக்கச் சபாக்கள் இருப்பதால் பாட்டுக் கச்சேரியை வைத்து வந்த பெயர் என்றுதான் புதிதாக வருபவர்கள் நினைப்பார்கள். அது அரசாங்கக் கச்சேரி. தாலுகா கச்சேரி, போலீஸ் கச்சேரி, கலெக்டர் கச்சேரி என்பவை நம் தாத்தாக்கள் காலத்தில் அன்றாடச் சொற்கள். "கச்சேரிக்குப் போயிருக்கிறார்" என்றால் பட்டா விஷயமாகவோ வழக்கு விஷயமாகவோ போயிருக்கிறார் என்று பொருள். தமிழ்நாட்டில் அந்தப் பொருள் இன்று பழைய பத்திரங்களிலும் தெருப்பெயர்களிலும்தான் மிஞ்சியிருக்கிறது. இலங்கையில் அப்படி இல்லை. மாவட்டச் செயலகம் என்று பெயர்ப்பலகை மாறினாலும் பேச்சில் அது கச்சேரிதான். யாழ்ப்பாணத்தில் கச்சேரி–நல்லூர் வீதி என்றே ஒரு வீதி உண்டு. கன்னடத்தில் இன்றும் அலுவலகத்தைக் கச்சேரி என்கிறார்கள். தெலுங்கும் மலையாளமும் நம்மைப்போல இரண்டு பொருளையும் கண்டவை.

அலுவலகம் எப்படிப் பாட்டானது? இரண்டுக்கும் அடியில் இருப்பது அமர்வு. நடுவில் ஒருவர் உட்கார, உரியவர்கள் அவருக்கு இருபுறமும் அமர, மற்றவர்கள் எதிரே கூடியிருக்க, காரியம் ஒரு முறைப்படி நடக்கும். சங்கீதக் கச்சேரி, பாட்டுக் கச்சேரி, நாதஸ்வரக் கச்சேரி என்று அடைமொழியோடு வழங்கிய சொல், அலுவலகப் பொருள் தேய்ந்ததும் அடைமொழியை உதறிவிட்டது. 'சீட்டுக் கச்சேரி'யிலும், "வீட்டுக்குப் போனால் இருக்கு கச்சேரி" என்ற பயமுறுத்தலிலும் அந்த அமர்வுப் பொருள் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பின்னதில் நீதிமன்ற வாடை கொஞ்சம் கூடுதல்.

இனித் தமிழ்ச்சொல். அரங்கு, அரங்கம் என்பவற்றுக்கு ஆற்றிடைக்குறை, அதாவது ஆற்றின் நடுவே மேடிட்ட நிலம் என்றும் பொருள் உண்டு. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையிலிருக்கும் திருவரங்கம் அந்தப் பொருளில் அமைந்த பெயர். மேடை என்ற பொருளும் பழையதே. சிலப்பதிகார அரங்கேற்று காதை ஆடலரங்குக்கு அளவே தருகிறது: இருபத்துநான்கு விரல் கொண்ட கோலால் அளந்து, அகலம் 7 கோல், நீளம் 8 கோல், தரையிலிருந்து உயரம் 1 கோல். மேடைப் பலகைக்கும் மேலே உள்ள உத்தரப் பலகைக்கும் இடைவெளி 4 கோல். ஆடலாசான், இசையாசான், தண்ணுமை ஆசிரியன், குழலோன், யாழாசிரியன் ஆகியோரின் தகுதிகளையும் அதே காதை ஒவ்வொன்றாகச் சொல்கிறது. ஆக, பக்கவாத்தியம் என்ற ஏற்பாட்டுக்கு நம்மிடம் பெயரும் முறையும் ஏற்கெனவே இருந்தன.

1943இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் தோன்றிய காலத்துச் சண்டை பெரும்பாலும் எந்த மொழியில் பாடுவது என்பதைப் பற்றியது. தமிழ்ப் பாட்டுகள் கடைசியில் துக்கடாவாக மட்டும் வருகின்றன என்பது அப்போதைய மனக்குறை. 'துக்கடா' என்பதும் வடக்கிலிருந்து வந்த சொல்தான். துண்டு என்று பொருள். இசையரங்கு என்பது தமிழிசைப் பற்றாளர்களும் தனித்தமிழில் எழுதுவோரும் விரும்பிக் கையாளும் சொல். நல்ல சொல், சுருக்கமான சொல். ஒரே ஓர் இடர்: அது இடத்தையும் குறிக்கும், நிகழ்வையும் குறிக்கும். "இசையரங்கு நிரம்பியது" என்றால் மண்டபம் கண்ணில் படுகிறது. "கச்சேரி நிரம்பியது" என்று யாரும் சொல்வதில்லை. கச்சேரி களைகட்டும், தூக்கும், படுத்துவிடும். இந்த வினைகளெல்லாம் அந்த இரண்டரை மணி நேர அமர்வின் மேல் ஏறுபவை.

அந்த அமர்வுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்தால்தான் சொல்லின் பொருள் முழுமையாகும். இன்று நாம் கேட்கும் வரிசையை நிலைநிறுத்தியவர் என்று பாடகர் அரியக்குடி ராமானுஜ ஐயங்காரைச் (1890–1967) சொல்வது வழக்கம். முதலில் வர்ணம், குரலும் விரலும் சூடேற. பிறகு விறுவிறுப்பான சில கீர்த்தனைகள், ஒன்றிரண்டில் சுருக்கமான ராக ஆலாபனை, அதாவது பாட்டு வரியில்லாமல் ராகத்தை விரிப்பது. நடுவே பிரதான உருப்படி: விரிவான ஆலாபனை, கீர்த்தனை, நிரவல், கற்பனை ஸ்வரம் (அப்போதே தோன்றும் ஸ்வரக் கோவைகள்), தனி ஆவர்த்தனம் (தாளக் கருவிகள் மட்டும் வாசிக்கும் பகுதி). இது மட்டுமே பெரும்பாலும் முக்கால் மணி நேரம் போகும். நேரமிருந்தால் ராகம் தானம் பல்லவி, ஒரே வரியை விரிவாக வளர்த்துப் பாடுவது. அதன்பின் துக்கடாக்கள், மங்களம். இந்தப் பட்டியலிலேயே உருப்படி தமிழ். வரியைப் பிரித்து நிரப்பிப் பாடும் நிரவலும் நிரவுதல் என்ற நம் வினையிலிருந்து வந்ததுதான். ஆலாபனைக்கு ஆளத்தி என்ற பழஞ்சொல் சிலப்பதிகார உரையில் கிடைக்கிறது. மிருதங்கத்தின் இடத்தில் தண்ணுமை என்று எழுதுபவர்கள் உண்டு. பொருந்தும், ஆனால் இரண்டும் ஒரே கருவிதான் என்று அடித்துச் சொல்லிவிட வேண்டாம்.

ஒலிப்பதிவில் இந்த வரிசை அப்படியே கிடைக்கும். நேரில் மட்டும் கிடைப்பது, அது உண்டாவதைப் பார்ப்பது. ஆலாபனையில் பாடகர் ஒரு பிடியை, அதாவது ராகத்தின் ஒரு துணுக்கை, பாடி நிறுத்துகிறார். வயலின் அதன் கடைசி நாலு ஸ்வரத்தை நிழலாகத் தொடர்ந்து வந்து ஓய்கிறது. தன் முறை வந்ததும் அதே பிடியை வேறு திசைக்குக் கொண்டுபோகிறது. பாடகர் தலையசைக்கிறார், அடுத்த உருப்படியில் அந்தத் திசை அவர் பாட்டிலேயே எட்டிப்பார்க்கிறது. இவர்களில் பலர் ஒன்றாக ஒத்திகை பார்த்தே இருக்கமாட்டார்கள். எந்தப் பாட்டு என்பதே மேடையில் முதல் வரி வந்த பிறகுதான் மிருதங்கக்காரருக்குத் தெரியும். அந்த ஓரிரு ஆவர்த்தனத்துக்குள் (தாளச் சுற்றுக்குள்) தாளம், காலப்பிரமாணம் (வேகம்), எடுப்பு (தாளத்தில் பாட்டு தொடங்கும் இடம்) மூன்றையும் பிடித்துக்கொண்டு வாசிக்கத் தொடங்குவார். அதைக் கண்ணால் பார்ப்பதில் பாதி இன்பம் இருக்கிறது.

புதிதாகக் கேட்கப் போகிறவர்கள் ராகம் கண்டுபிடிப்பதில் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். அது வேண்டாம். தாளத்தைப் பிடியுங்கள், கைக்கு உடனே பலன் தெரியும். ஆதி தாளம் 8 அட்சரம், அதாவது 8 எண்ணிக்கை: ஒரு தட்டு, சுண்டுவிரல் தொடங்கி மூன்று விரல் எண்ணிக்கை, பிறகு தட்டு–வீச்சு, தட்டு–வீச்சு (வீச்சு என்பது உள்ளங்கையைத் திருப்பிப் போடுவது). அட்சரத்துக்கு 4 மாத்திரை என்றால் ஓர் ஆவர்த்தனத்துக்கு 32. இப்போது ஒரு சின்னத் தீர்மானம், அதாவது மும்முறை வாசித்து முடிக்கும் கட்டு: 'ததிங்கிணதொம்' என்ற 5 மாத்திரைச் சொற்கட்டு மூன்று முறை, இடைவெளி இல்லாமல். மொத்தம் 15. அது முடிந்ததும் அடுத்த ஆவர்த்தனத்தின் முதல் தட்டில் போய் நிற்க வேண்டுமானால் 17 மாத்திரை போனபின் தொடங்க வேண்டும், அதாவது இரண்டாவது தட்டு விழுந்து கால் அட்சரம் கழித்து. நீங்கள் தாளம் போட்டுக்கொண்டே இருந்தால், மூன்றாவது 'தொம்' முடிந்த கையோடு உங்கள் கை தொடையில் விழும். பாட்டின் எடுப்பு சமத்தில் (முதல் தட்டில்) இல்லாமல் அரை இடம் தள்ளியிருந்தால் கணக்கும் அதற்கேற்ப நகரும். சபையில் சட்டென்று எழும் 'ஆஹா'வுக்குப் பல நேரம் இதுதான் காரணம். சாபு தாளங்களுக்குப் பிறகு போகலாம்: மிஸ்ர சாபு 7, கண்ட சாபு 5.

இதெல்லாம் தெரிந்தும் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் கேண்டீனுக்கு எழுந்து போகிற வழக்கம் ஒழியவில்லை. மிருதங்கமும் கடமும் மாறிமாறி வாசித்து, அளவைப் படிப்படியாகக் குறைத்து, சேர்ந்து மோரா, கோர்வை என்ற முத்தாய்ப்புச் சொற்கட்டுகளை வைத்துப் பல்லவியின் எடுப்பில் கொண்டுவந்து விடும் கட்டம் அது. அடை எங்கும் போய்விடாது.

மேடையமைப்புக்கும் காரணம் உண்டு. மிருதங்கக்காரர் பாடகரின் வலப்பக்கம் அமர்ந்தால்தான் வலந்தலை, அதாவது வலக்கை வாசிக்கும் முகம், அவையை நோக்கி இருக்கும். இடக்கையால் வாசித்த மிருதங்கக் கலைஞர் பழனி சுப்பிரமணிய பிள்ளைக்காக (1908–1962), வழக்கமாக இடப்பக்கம் அமரும் வயலின்காரர் இடம் மாறி உட்கார வேண்டியிருந்தது. அது அக்காலத்தில் எளிதாக ஒப்புக்கொள்ளப்படவில்லை. அவருக்குத் துணைநின்றவர் பாடகர் செம்பை வைத்தியநாத பாகவதர்.

பாட்டுக்கு நடுவே மிருதங்கத்தைக் கல்லும் கட்டையும் கொண்டு தட்டுவதைப் பார்த்து நேரம் வீணாகிறதே என்று சிலர் சலித்துக்கொள்வார்கள். ஆனால் வலந்தலை பாடகரின் ஆதார ஸட்ஜத்தில் (அடிப்படை 'ஸ'வில்) நிற்க வேண்டும். ஏசி அறையில் காற்று உலர்ந்தால் தோல் இறுகிச் சுருதி ஏறும், ஈரப்பதம் கூடினால் தளர்ந்து இறங்கும். இடந்தலையில் அப்பிய ரவை காய்ந்தாலும் நாதம் மாறும். கடத்தை அப்படித் தட்டிச் சரிசெய்ய முடியாது என்பதால் கடக்காரர் சுருதிக்கு ஒன்றாகப் பல பானைகளை வைத்திருப்பார். கச்சேரியைக் கெடுப்பது பெரும்பாலும் இவை எதுவுமில்லை, ஒலிபெருக்கிதான். ஸ்பீக்கருக்கு நேர் எதிரே பக்கவாட்டு இருக்கையில் அமர்ந்தால் மிருதங்கத்தின் தொப்பி (இடந்தலை) மட்டும் இடியாகக் கேட்கும். தம்புராவே காதில் விழாது. முதல் வரிசையைவிட நடுவரிசையின் நடு இருக்கை மேல்.

எழுதும்போது எதை எடுப்பது? அழைப்பிதழ், தலைப்பு, கட்டுரை ஆகியவற்றில் இசையரங்கு தாராளமாக வரலாம். 'இசை நிகழ்ச்சி' பொதுச்சொல். பள்ளி ஆண்டுவிழாவுக்கும் அது பொருந்தும் என்பதால் இந்த வடிவத்தைத் தனித்துக் காட்டாது. 'இன்னிசை விருந்து' சுவரொட்டித் தமிழ். பேச்சில் கச்சேரியை மாற்ற வேண்டிய தேவை இல்லை. கச்சேரி கேட்கிறோம், பாடுபவர் கச்சேரி செய்கிறார்; 'கச்சேரி பார்க்கப் போனேன்' என்பது இப்போது காதில் விழத் தொடங்கியிருக்கிறது, கேட்கவே என்று எழுதுங்கள். திரையிசைக்கு இளைஞர்கள் 'கான்சர்ட்' என்றே சொல்லிவிடுகிறார்கள். அதற்கு மெல்லிசைக் கச்சேரி என்ற பெயர் முன்பே புழக்கத்தில் இருந்தது.