சமஷ்டி கேட்டால் பிரிவினையா?

மட்டக்களப்பில் சட்டத்தரணியாக இருந்தால், காணி வழக்குக்கு வருகிறவர்கூட எழும்பிப் போகும்போது கேட்பார்: "சேர், ஒரு மாகாணம் சட்டப்படி பிரிஞ்சு போகலாமா?" இப்போது இன்னொரு கேள்வியும் வருகிறது. மகன் முகநூலில் சமஷ்டி (ஒரே நாட்டுக்குள் மத்திக்கும் மாகாணங்களுக்கும் அதிகாரத்தைப் பங்கிடும் கூட்டாட்சி) பற்றி எதையோ பகிர்ந்துவிட்டான், அரச வேலைக்கும் விண்ணப்பித்திருக்கிறான், சிக்கல் வருமா?

முதல் கேள்விக்குப் பதில் சின்னது: இலங்கையில் முடியாது. அரசியலமைப்பின் 2ஆம் உறுப்புரைப்படி இது ஒற்றையாட்சி நாடு. அதை மாற்றப் பாராளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பெரும்பான்மையும், நாடு முழுவதும் சர்வசன வாக்கெடுப்பும் வேண்டும். மாகாண சபையால் ஆகிற காரியமில்லை. வெளியிலும் பிரியும் உரிமையை எழுதி வைத்த நாடுகள் அபூர்வம். எத்தியோப்பியாவில் 39ஆம் உறுப்புரையில் உண்டு. கரீபியனில் நெவிஸ் தீவுக்கும் உண்டு; 1998இல் அங்கே நடந்த வாக்கெடுப்பில் 60 சதவீதத்துக்கு மேல் ஆதரவு கிடைத்தும், மூன்றில் இரண்டு எட்டாததால் பிரிய முடியவில்லை.

இரண்டாவது கேள்வியில்தான் வீண் பயம் அதிகம். 1983 ஆகஸ்டில் வந்த ஆறாம் திருத்தம் 157அ உறுப்புரையைச் சேர்த்தது. இலங்கைக்குள் தனிநாடு அமைப்பதை நாட்டுக்கு உள்ளேயோ வெளியேயோ இருந்து ஆதரிப்பது, ஊக்குவிப்பது, அதற்குப் பணம் கொடுப்பது எல்லாம் குற்றம். குற்றவாளியானால் ஏழு ஆண்டு வரை குடியியல் உரிமை போகும், சொத்தும் பறிமுதலாகலாம். தனிநபர் மீதான குற்றச்சாட்டை விசாரிப்பது மேன்முறையீட்டு நீதிமன்றம், நம் ஊர் நீதவான் அல்ல. அரச நியமனம் எடுக்கும்போது செய்கிற சத்தியப்பிரமாணமும் இதைப் பற்றியதுதான். வாசித்துப் பார்க்காமலே கையெழுத்து வைப்பவர்கள்தான் அதிகம்!

ஆனால் அந்த உறுப்புரை தடுப்பது தனிநாட்டை. சமஷ்டியை அல்ல. இலங்கைத் தமிழரசுக் கட்சிக்கு எதிராக இதே உறுப்புரையின் கீழ் போடப்பட்ட வழக்கில், 2017 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது: ஒரே நாட்டுக்குள் சமஷ்டி கேட்பது பிரிவினை கேட்பதாகாது. இந்தத் தீர்ப்பு நம் பக்கத்தில் பலருக்குத் தெரியாதது எனக்கு வருத்தம்தான். மாகாண சபைகளைக் கொண்டுவந்த பதின்மூன்றாம் திருத்தத்தின்படி மாகாணத்துக்குக் காணி, பொலிஸ் அதிகாரம் கேட்பதும் அப்படித்தான். அது ஏற்கெனவே சட்டத்தில் இருப்பதைக் கேட்பது. அம்பாறை மாவட்டத்தில் கல்முனை வடக்குக்கு முழுமையான பிரதேச செயலகம், சாய்ந்தமருதுக்குத் தனிச் சபை என்பவை வெறும் நிர்வாக எல்லை விவகாரங்கள். யார் கேட்டாலும் சரி, எதிர்த்தாலும் சரி, அதில் "பிரிவினை" என்ற சொல்லை எறிவது அரசியல்.

அதற்காகக் கண்டதையும் பகிரலாம் என்றில்லை. நடைமுறையில் ஆட்களைப் பிடிப்பது 157அ-வில் அல்ல, 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம் போன்றவற்றில். தடைசெய்யப்பட்ட ஒரு இயக்கத்தின் சின்னமோ தலைவரின் படமோ உள்ள பதிவு, சமஷ்டி பற்றிய கட்டுரையைப் போன்றதல்ல. வாக்குமூலத்துக்குக் கூப்பிட்டால் முதலில் சட்டத்தரணிக்குச் சொல்லுங்கள். அப்புறம், சிங்களத்தில் எழுதியதைத் தமிழில் வாசித்துக் காட்டும்வரை கையெழுத்து வைக்காதீர்கள்.