லாரியின் ஆரஞ்சுப் பலகை: அந்த எண் பெட்டிக்கு, உள்ளே இருக்கும் வெடிக்கு அல்ல

சுங்கை சிப்புட் மாதிரியான தோட்டப் பட்டணத்தில் வெடிபொருள் இரண்டு வழியாக நம்மைக் கடந்து போகிறது. ஒன்று, பெருநாள் காலத்தில் கடைகளுக்கு வரும் பட்டாசு. இன்னொன்று, கிந்தா பள்ளத்தாக்கின் சுண்ணாம்புக்கல் குன்றுகளை உடைக்கும் கல்குவாரிகளுக்குப் போகும் சரக்கு. இரண்டுக்கும் சாலை ஒன்றுதான். பள்ளிப் பேருந்தும், செம்பனைக் குலை ஏற்றிய லாரியும், நம் மோட்டார் சைக்கிளும் போகும் அதே சாலை. ஆகவே லாரியின் பக்கவாட்டில் ஆரஞ்சு நிறத்தில் ஒட்டியிருக்கும் அந்த டைமண்ட் வடிவப் பலகையைப் படிக்கத் தெரிந்திருப்பது லாரி ஓட்டுநருக்கு மட்டுமான வேலை இல்லை.

முதலில் சட்டம். மலேசியாவில் வெடிபொருளைத் தயாரிக்க, இறக்குமதி செய்ய, வைத்திருக்க, விற்க, ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோக 1957ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டத்தின் கீழ் அனுமதி வேண்டும். இது 207ஆவது சட்டம். அமல்படுத்துவது காவல்துறை. பட்டாசும் இந்தச் சட்டத்தின் பார்வையில் வெடிபொருளே. “இது சின்னப் பிள்ளைகள் கொளுத்துவதுதானே” என்ற பேச்சு அங்கே எடுபடாது.

பெட்டியிலும் லாரியிலும் இருக்கும் எண்கள் எந்த ஒரு நாடும் தனியாக வைத்தவை அல்ல. ஆபத்தான சரக்குகளைக் கொண்டுபோவதற்கு ஐக்கிய நாட்டுச் சபை 1956இல் முதன்முதலாக வெளியிட்ட பரிந்துரைகளிலிருந்து வளர்ந்து வந்த முறை இது. சரக்குகள் ஒன்பது வகுப்புகளாகப் பிரிக்கப்படுகின்றன. முதல் வகுப்பு முழுவதும் வெடிபொருள். அதற்குள் ஆறு பிரிவுகள்.

1.1 என்றால் மொத்தச் சரக்கும் ஏறக்குறைய ஒரே நொடியில் வெடிக்கக்கூடியது. 1.2 என்றால் சில்லுகள் பாயும், ஆனால் மொத்தமாக வெடிக்காது. 1.3 பெருந்தீயாக எரியும். அதோடு சிறிய வெடிப்போ சிதறலோ இருக்கலாம். 1.4இல் ஆபத்து பெரும்பாலும் பெட்டியோடு நின்றுவிடும். 1.5 என்பது எளிதில் வெடிக்காத பொருள், ஆனால் வெடித்தால் மொத்தமாக வெடிக்கும். 1.6 மிக மிக மந்தமான பொருள்கள். அவற்றில் மொத்த வெடிப்பு ஆபத்து இல்லை.

எண் ஏற ஏற ஆபத்து குறைகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பல பிரிவுச் சரக்குகள் ஒரே லாரியில் போனால் எதன் பலகையை மாட்டுவது என்பதற்கு ஒரு வரிசை இருக்கிறது: 1.1, 1.5, 1.2, 1.3, 1.6, கடைசியாக 1.4. 1.5 இரண்டாம் இடத்தில் நிற்பதைக் கவனியுங்கள்.

இந்த முறையில் மிக முக்கியமான விஷயம், நம் ஊரில் யாருமே பேசாத விஷயம், இந்த எண் எப்படிக் கிடைக்கிறது என்பதுதான். வெடியை மட்டும் தனியாக எடுத்து யாரும் எண் கொடுப்பதில்லை. அனுப்பப் போகும் அதே பெட்டியில், அதே அடுக்கில் வைத்துச் சோதிக்கிறார்கள். ஒரு சோதனையில் ஒற்றைப் பெட்டிக்குள் ஒன்றை வெடிக்க வைத்து, மற்றவை கூடவே வெடிக்கின்றனவா என்று பார்ப்பார்கள். இன்னொன்றில் பெட்டிகளை அடுக்கி, நடுவில் ஒரு பெட்டியில் வெடிப்பை ஏற்படுத்தி, பக்கத்துப் பெட்டிக்குத் தாவுகிறதா என்று பார்ப்பார்கள். மூன்றாவதில் விறகுத் தீ மூட்டி, அதன் மேல் பெட்டிகளை அடுக்கி, சற்றுத் தள்ளி அலுமினியத் தகடுகளை நிறுத்துவார்கள். தகட்டில் ஓட்டை விழுந்ததா, தீப்பிழம்பு எவ்வளவு தூரம் வந்தது, துண்டுகள் எங்கே போய் விழுந்தன என்று அளப்பார்கள். இவற்றில் தேறிய பெட்டிக்குத்தான் 1.4 கிடைக்கிறது.

பட்டாசு ரகங்கள் ஏராளம் என்பதால் ஒவ்வொன்றையும் கொளுத்திப் பார்க்காமல் வகைப்படுத்த ஓர் அட்டவணையும் உண்டு. அதில் கம்பி மத்தாப்பைப் பாருங்கள். பெர்குளோரேட் என்ற வேதிப்பொருள் கலந்த மத்தாப்பு, குச்சிக்கு 5 கிராம் மருந்துக்குள், ஒரு கட்டில் 10 குச்சிக்குள் இருந்தால் 1.4. அதே குச்சியைப் பதினொன்றாகக் கட்டினால் 1.3. மருந்து மாறவில்லை, கட்டுதான் மாறியது. சுங்கை பூலோ பட்டாசுத் தொழிற்சாலையில் 1991ஆம் ஆண்டு மே 7ஆம் தேதி 26 பேர் மாண்டதை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு, மத்தாப்பு மருந்து குவியலாகச் சேர்ந்தால் என்ன ஆகும் என்று நான் விளக்கத் தேவையில்லை.

அதனால்தான், அட்டைப்பெட்டிகளைப் பிரித்து, சரக்கை உதிரியாகப் பிளாஸ்டிக் பைகளில் நிரப்பி, வேனில் ஏற்றிவிட்டு “அண்ணே, இது ஒன்னு புள்ளி நாலுதான், ஒன்னும் ஆகாது” என்று யாராவது சொல்லும்போது எனக்கு வயிறு கலங்குகிறது. பெட்டியைப் பிரித்த நொடியில் அந்த 1.4 போய்விட்டது. பையில் இருப்பது யாரும் சோதித்துப் பார்க்காத ஒரு குவியல். வேலைக்குப் போகும் தம்பிகள், கெலிண்டான்கள் (லாரி உதவியாளர்கள்), இதை முதலாளியிடம் தயங்காமல் சொல்லுங்கள்.

இனி பெட்டியைக் கையில் எடுத்துப் பாருங்கள். பக்கவாட்டில் 10 சென்டிமீட்டர் ஆரஞ்சு டைமண்ட் இருக்கும். அதில் பெரிதாக 1.4, அதன் கீழே ஜி என்ற எழுத்து, அடி மூலையில் வகுப்பைக் காட்டும் 1. அருகில் யு.என். (ஐ.நா.) 0336 என்று நான்கு இலக்க எண், அது 1.4 ஜி பட்டாசுக்கு உரியது. 0335 என்று இருந்தால் 1.3 ஜி. 0333 என்றால் 1.1 ஜி, அது கடைச் சரக்கே இல்லை.

எழுத்துக்கும் பொருள் உண்டு. எது எதோடு சேர்ந்து போகலாம் என்பதை அது சொல்கிறது. ஜி பட்டாசு வகை. பி என்பது வெடியைத் தூண்டிவிடும் டெட்டனேட்டர். டி என்பது குவாரியில் பாறையை உடைக்கும் வெடிமருந்து. பியும் டியும் சாதாரணமாக ஒன்றாகப் போகக் கூடாது, தனித் தடுப்போடு கூடிய சிறப்பு ஏற்பாடு இருந்தாலொழிய. தீக்குச்சியையும் பெட்ரோலையும் ஒரே கூடையில் வைக்க மாட்டோம் அல்லவா, அந்தக் கணக்குதான். எஸ் என்று முடிந்தால், விபத்து நடந்தாலும் பாதிப்பு பெட்டியைத் தாண்டாது, பக்கத்தில் நின்று தீயணைக்கவும் தடையிராது என்று பொருள். 1.4 எஸ் சரக்கு மட்டும் ஏற்றிய லாரிக்கு ஐ.நா. பரிந்துரைப்படி பலகையே வேண்டியதில்லை.

லாரியில் மாட்டும் பலகை பெட்டி வில்லையைவிடப் பெரியது, குறைந்தது 25 சென்டிமீட்டர். 1.1, 1.2, 1.3 என்றால் மேல்பாதியில் வெடித்துச் சிதறும் குண்டின் படம் இருக்கும். 1.4, 1.5, 1.6க்குப் படம் இல்லை. எண் மட்டும் பெரிதாக இருக்கும். படம் இல்லையே என்று 1.5 பலகையை லேசாக எண்ணிவிடாதீர்கள்.

குவாரிக்குப் போகும் லாரியில் மஞ்சள் பலகையும் காணலாம். 5.1 என்று இருக்கும். அது அம்மோனியம் நைட்ரேட்டாக இருக்கலாம். தீயை ஊட்டி வளர்க்கும் பொருள் என்ற வகுப்பில் வருவது. அதை ஏறக்குறைய நூற்றுக்கு ஆறு பங்கு டீசலோடு கலந்தால் பாறையைப் பிளக்கும் வெடிமருந்து. அப்போது வகுப்பு 1.1 டி அல்லது 1.5 டி ஆகிவிடும். கலக்காமலே ஆபத்து இல்லையா என்றால், 2020 ஆகஸ்ட் 4ஆம் தேதி பெய்ரூட் துறைமுகத்தில் வெடித்தது கிடங்கில் கிடந்த 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட்தான்.

இப்படிப்பட்ட லாரி சாலையில் கவிழ்ந்தாலோ புகைந்தாலோ, கைப்பேசியில் படமெடுக்க ஓடாதீர்கள். அமெரிக்கா, கனடா, மெக்சிகோ நாடுகளின் அவசரகாலக் கையேடு 1.1, 1.2, 1.3, 1.5 சரக்கைத் தீ நெருங்கினால் 1,600 மீட்டர் தள்ளிப் போகச் சொல்கிறது. 1.4, 1.6 என்றால் 500 மீட்டர். தீ சரக்கைத் தொட்டுவிட்டால் அணைக்க முயல வேண்டாம் என்றும் சொல்கிறது. தோட்டத்துக் கணக்கில் 1,600 மீட்டர் என்பது லயத்திலிருந்து கோயில், பள்ளி எல்லாம் தாண்டிப் போகும் தூரம். நல்ல மனசோடு வாளியில் தண்ணீர் தூக்கிக்கொண்டு ஓடுபவர்களைப் பிடித்து நிறுத்துங்கள்.

தூரத்தில் நின்றபடி 999க்கு அழையுங்கள். பலகையின் நிறம், அதிலுள்ள எண், எழுத்து, தீ சக்கரத்தில் இருக்கிறதா சரக்கில் இருக்கிறதா, எந்தச் சாலை, எந்தப் பக்கம் போகும் வழி என்று சொன்னால் போம்பா (தீயணைப்புப் படை) ஆட்கள் வரும்போதே எங்கே நிற்பது என்று தெரிந்து வருவார்கள். எண் கண்ணுக்குப் படவில்லை என்றால் நிறத்தை மட்டும் சொல்லுங்கள், பார்ப்பதற்காகக் கிட்டே போகாதீர்கள்.

லாரி வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. சரக்கை இறக்கிச் சுத்தம் செய்த பிறகு பலகையைக் கழற்றவோ மூடவோ வேண்டும். காலி லாரியில் 1.1 பலகையோடு சுற்றினால், சாதாரண விபத்துக்கும் சாலையை மூடி, வீடுகளைக் காலி செய்ய வேண்டி வரும். அதற்குள் லாரிக்குள் சிக்கிய ஓட்டுநரை எடுக்க யாரும் கிட்டே போக முடியாது.