கம்பம் எட்டாத கிணற்றுக்கு சோலார் மோட்டார்: பி.எம். குசும் திட்டத்தில் என்ன கிடைக்கும்?

கடைசி மின்கம்பத்துக்கும் உங்கள் கிணற்றுக்கும் நடுவில் அரை மைல் காடு கிடக்கிறதா? லைன் வரும்வரை டீசல் இன்ஜினோடு மல்லுக்கட்ட வேண்டியதுதான். 2019-ல் மத்திய அரசு தொடங்கிய பி.எம். குசும் திட்டத்தின் ‘பி’ பிரிவு இந்த மாதிரிக் கிணறுகளுக்கு மானியத்தில் சோலார் பம்புசெட் தருவது. (‘ஏ’ பிரிவு சிறு சூரிய மின் நிலையங்களுக்கு, ‘சி’ பிரிவு ஏற்கெனவே மின் இணைப்புள்ள மோட்டார்களுக்கு.) தமிழ்நாட்டில் இந்த பம்புசெட்டுகளுக்கு விண்ணப்பம் வாங்குவது வேளாண்மைப் பொறியியல் துறை. மின்வாரிய ஆபீசுக்கு நடந்தால் அலைச்சல்தான் மிச்சம்.

பணக் கணக்குக்கு வருவோம். மத்திய அரசு 30 சதவீதம், மாநில அரசு குறைந்தது 30 சதவீதம், மீதி 40 நம் பங்கு. அதிலும் 30 வரை வங்கிக் கடனாக வாங்கலாம். ஒரு பேச்சுக்கு மொத்த விலை 3 லட்சம் என்று வைத்தால், மானியம் 1,80,000 ரூபாய், கடன் 90,000, கையிலிருந்து 30,000. ஆனால் அரசு நிர்ணயித்த விலை, டெண்டர் விலை இரண்டில் எது குறைவோ அதற்குத்தான் மானியம். கூடுதல் கேபிள், பைப்பு என்று இழுத்தால் அது நம் தலையில்தான்.

மானியம் 7.5 ஹெச்.பி. வரை. 10 ஹெச்.பி. போட்டாலும் 7.5-க்கு உண்டான தொகைதான் வரும். நிலத்தடி நீர் அளவுக்கு மீறி உறிஞ்சப்பட்ட பகுதியில் புது பம்பு கிடைக்காது; ஏற்கெனவே ஓடும் டீசல் இன்ஜினை மட்டும், சொட்டுநீர் போன்ற நுண்ணீர்ப் பாசனம் இருந்தால், சோலாருக்கு மாற்றலாம்.

பலர் சறுக்குவது ஹெச்.பி. தேர்வில். மானியம் கிடைக்கிறதே என்று பெரிய மோட்டாரை இறக்கினால், ஊற்று குறைந்த கிணறு பத்து மணிக்கே வற்றிவிடும், அப்புறம் பேனல் சும்மா வெயில் காயும். கோடையில் நீர்மட்டம் எத்தனை அடிக்குப் போகிறது, ஊறிவர எத்தனை மணி நேரம் ஆகிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். காலையில் தண்ணீர் மெல்லத்தான் வரும், உச்சிவெயிலில் பீறிடும், மேகம் மறைத்தால் சட்டென்று இளைக்கும். ராத்திரிப் பாய்ச்சல் கிடையாது. அதனால் ஒரு தரைத்தொட்டி இருந்தால் நல்லது. பேனலில் படியும் புழுதியை வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடைத்தாலே வித்தியாசம் தெரியும்.

பொருத்திய நிறுவனமே 5 வருஷம் பராமரிக்க வேண்டும் என்பது விதி. அந்த உத்தரவாதத்தை எழுத்தில் வாங்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். மின் இணைப்புக்கு ஏற்கெனவே எழுதிப் போட்டிருந்தால், அந்த மூதுரிமை (வரிசையில் உங்கள் இடம்) என்னவாகும் என்பதையும் வேளாண்மைப் பொறியியல் துறையிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

சிட்டா, அடங்கல், ஆதார், பாஸ்புக் நகல்களோடு அந்தத் துறையின் உதவி செயற்பொறியாளர் அலுவலகத்துக்குப் போனால் போதும். ‘பதிவுக் கட்டணம் கட்டினால் உடனே பம்பு’ என்று போனில் யாராவது லிங்க் அனுப்பினால் தொடாதீர்கள். குசும் பெயரில் உலவும் போலி இணையதளங்களைப் பற்றி மத்திய அமைச்சகமே பலமுறை எச்சரித்திருக்கிறது.